பூசாரி சொன்ன ரோசனை

கச்சிராயபாளையம் வட்டாரத்தில் யாரைக் கேட்டாலும் இருசப்பன் பூசாரி தங்கமான மனுஷன் என்றுதான் சொல்வார்கள். சாலம்மாளைக் கேட்டால் மட்டும் காறித் துப்புவாள். துப்பிவிட்டுக் கையில் இருக்கும் வேலையைப் பார்ப்பாள். பதினைந்து வருஷமாக இதுதான் நடந்தது. பூசாரியின் சைக்கிள் தெருவில் வந்தால் துப்பல். கோயிலில் அவன் திருநீறு நீட்டினால், அவன் கையைத் தொடாமல் தட்டிலிருந்து தானே எடுத்துப் பூசிக்கொண்டு ஒரு துப்பல். "பெத்த வயிறு எரியுது, விடுங்க" என்று ஊர் அவளை மன்னித்தது. அந்த மன்னிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. இவர்கள் யார் அவளை மன்னிக்க?

அவள் ஒன்றும் பிறவியிலேயே கடுகடுத்தவள் அல்ல. சங்கராபுரத்துப் பக்கம் ஒரு குக்கிராமத்தில் பிறந்து, பதினாறு வயதில் ஆதிமூலத்துக்குக் கழுத்தை நீட்டி, கச்சிராயபாளையம் அணைக்கட்டுப் பக்கம் வந்து சேர்ந்தவள். சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. ஊர்க்காரர்களின் கரும்புதான் சோறு போட்டது. வெட்டில் இறங்கினால் ஆம்பளைக்குச் சமமாக வெட்டுவாள். கரும்புச் சோகை கிழித்த கோடுகள் கழுத்துவரை இருக்கும். அரிவாள் பிடித்துப் பிடித்து உள்ளங்கை இரண்டும் காய்த்துப்போய், அடுப்பிலிருந்து சட்டியைத் துணியில்லாமல் இறக்குவாள். அந்தக் காலத்தில் வாயும் சும்மா இருக்காது. வரப்பில் ஒருத்தி வழுக்கி விழுந்தால் அன்று பூராவும் அவளைப் போல விழுந்து காட்டிக் கூடவெட்டும் பெண்களைச் சிரிக்க வைப்பாள். யாரைப் போல வேண்டுமானாலும் நடந்து காட்டுவாள், பேசிக் காட்டுவாள். அவள் மூத்த மகள் அமிர்தத்துக்கும் அந்த வித்தை கைவந்திருந்தது. அது வராமலே இருந்திருக்கலாம்.

இருசப்பனுக்கு வருவோம். ஆதிமூலத்தின் பங்காளிகளுக்கெல்லாம் அவன்தான் குலசாமிப் பூசாரி. உடுக்கை அடிப்பான், பேய் ஓட்டுவான், மாசி பங்குனியில் கூத்துக் கட்டுவான். கூத்தில் எப்போதும் அவனுக்கு மந்திரி வேஷம். ராஜாவுக்குப் பக்கத்தில் நின்று தாடியைத் தடவிக்கொண்டு, இப்படிச் செய்யுங்கள் மன்னா, அப்படிச் செய்யுங்கள் மன்னா என்று சொல்கிற ஆள். அவன் பேச்சைக் கேட்ட ராஜா விடிவதற்குள் செத்துப் போவான், ராஜா பெற்ற பிள்ளையும் செத்துப் போகும். மந்திரி மட்டும் திரைக்குப் பின்னால் போய் அரிதாரத்தைத் துடைத்துவிட்டு டீ குடிப்பான். "மந்திரிய எப்பதான் சாகடிப்பீங்க?" என்று ஒரு தடவை சாலம்மாள் விளையாட்டாகக் கேட்டாள். "மந்திரி ரோசனை சொல்றவன்மா. செஞ்சவன்தான் சாவணும்" என்று அவனும் சிரித்துக்கொண்டே சொன்னான். அப்போது அவளும் சேர்ந்து சிரித்தாள்.

வேஷத்தைக் கலைத்த பிறகும் அவன் மந்திரிதான். யோசனை சொல்லாமல் ஒரு நாள் பொழுது போகாது அவனுக்கு. கள்ளக்குறிச்சியில் எந்த டாக்டர் கைராசி, எந்தப் பக்கம் போர் போட்டால் தண்ணீர் வரும், எந்த ஆட்டை விற்கலாம், யாருக்கு யாரைக் கட்டலாம், எல்லாவற்றுக்கும் அவனிடம் ஒரு வழி இருக்கும். நடந்துவிட்டால் "நான் அப்பவே சொன்னேன் பாரு" என்பான். நடக்காவிட்டால் சாமி குற்றம். எவ்வளவு சௌகரியமான பிழைப்பு!

தொண்ணூற்றொன்றாம் வருஷம் தை மாதம் அமிர்தத்துக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை அரங்கநாதன், ஆதிமூலத்தின் அக்கா ஆயம்மாளின் மகன். குடிகாரன். ஆனால் அமிர்தம் தொட்டிலில் கிடந்தபோதே அக்காவுக்குக் கொடுத்த வாக்கு என்று ஆதிமூலம் ஒரே பிடியாக நின்றான். அமிர்தத்துக்கோ, ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர் டிரைவர் காசிநாதன் மேல் மனசு. பதினெட்டு வயசுப் பெண்ணும் இருபத்திரண்டு வயசுப் பையனும் வேறு யாரிடம் போவார்கள்? ரோசனைக் கடை திறந்து வைத்திருந்தவனிடம்தான் போனார்கள்.

அவன் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ஆதிமூலத்தைக் கூப்பிட்டு, "ஏம்ப்பா, பொண்ணுக்கு இஷ்டமில்ல, விட்டுடு" என்று சொல்லியிருக்கலாம். அவன் சொன்னால் ஆதிமூலம் பாதியாவது கேட்டிருப்பான். ஆனால் அப்படி நேரே சொன்னால் ஆயம்மாள் வீட்டுப் பகை வரும். அதனால் மந்திரி வேறு வழி கண்டுபிடித்தான்.

"செவ்வாக்கெழம சாயங்காலம் ஆட ஆரம்பி பாப்பா. முடிய அவுத்து முன்னால போட்டுக்க. இடப்பக்கமா மூணு சுத்து. பேரு கேட்டா வாயத் தொறக்காத. பேய் புடிச்சிகிச்சுன்னு வெள்ளிக்கெழம எங்கிட்டதான் கூட்டியாருவாங்க. இந்தக் கல்யாணம் சாமிக்கு ஆவாதுன்னு உடுக்கையில சொல்லிடறேன். நான் பாத்துக்கறேன். அப்பறம் எவனும் உன்னக் கட்ட மாட்டான். காசிநாதனத் தவர."

கோயில் பின்புறம் நின்று, எப்படிச் சுற்றுவது, எப்படி உறுமுவது என்று ஆடியும் காட்டினான். கூத்துக்காரன் அல்லவா! இவ்வளவும் பின்னால் காசிநாதன் அழுதுகொண்டே சாலம்மாளிடம் சொன்னது. சொன்னவன் அடுத்த வாரமே திருப்பூருக்குப் பஸ் ஏறினான். திரும்பி வரவே இல்லை.

அமிர்தம் செவ்வாய்க்கிழமை ஆடினாள். அற்புதமாக ஆடினாள். பெற்றவளுக்கே ஈரக்குலை நடுங்கியது. புதன்கிழமை காலையில் பூசாரி வீட்டுக்கு ஓடினால், பூட்டு தொங்குகிறது. வெள்ளிமலைப் பக்கம் ஒரு திருவிழாவில் கூத்து, மந்திரி வேஷத்துக்கு ஆள் வரவில்லை என்று கூப்பிட்டார்கள், முதல் பஸ்ஸில் மலையேறிவிட்டான். இரண்டு நாள்தானே, வெள்ளிக்கிழமைக்குள் இறங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறான் பாவி. இடையில் இருக்கிற இரண்டு நாளில் அந்தப் பெண்ணை வைத்துக்கொண்டு வீட்டார் என்ன செய்வார்கள் என்று அவன் புத்திக்கு எட்டவில்லை.

ஆயம்மாள் சும்மா இருப்பாளா? புதன்கிழமை சாயங்காலமே ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பேயோட்டியைக் கூட்டிவந்து இறக்கினாள். அவன் வேப்பங்குழையும் சாட்டையும் வைத்துக்கொண்டு, பெண்ணை மாட்டுக் கொட்டகைத் தூணில் கட்டச் சொன்னான். சோறு கூடாது, தண்ணீர் கூடாது என்றான். மிளகாய்ப் புகை போட்டான். "பேய் நெறைய பொய் சொல்லும். நான் பேயே இல்லன்னு சொல்லும், அம்மான்னு அழுவும். யாரும் எரக்கப்படாதீங்க" என்று முதலிலேயே சொல்லிவைத்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அமிர்தம் அம்மாவைப் பார்த்துச் சொன்னாள். "எம்மா, நான் நடிக்கிறம்மா. பூசாரி மாமாதான் ஆடச் சொன்னாரு. இடப்பக்கம் மூணு சுத்து சுத்தச் சொன்னாரு. அவரக் கூப்புடும்மா."

சாலம்மாள் அதற்கு என்ன செய்தாள் என்று யாரிடமும் சொன்னதில்லை.

அதே நேரத்துக்குத்தான் இருசப்பன் வந்தான். மலையிலிருந்து இறங்கியவன், கேரியரில் கூத்துப் பெட்டியோடு சைக்கிளில் வந்து கொட்டகை வாசலில் காலூன்றி நின்றான். முகத்தில் அரிதாரம் இன்னும் சரியாகப் போகவில்லை, காது ஓரத்தில் மஞ்சளாக ஒட்டியிருந்தது. தூணையும், புகையையும், கம்போடு நிற்கும் ஆயம்மாள் வீட்டு ஆட்களையும் பார்த்தான். அமிர்தமும் அவனைப் பார்த்துவிட்டாள். அவள் தலையைத் தூக்கினாள். சாலம்மாள் ரெண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை, "அவுத்து விடுங்கடா" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவன் சைக்கிளைத் திருப்பினான். மிதித்துக்கொண்டு போய்விட்டான்.

சனிக்கிழமை விடியலில் அமிர்தம் மூச்சை விட்டாள். பேயோட்டி அதற்கு முன்பே கம்பி நீட்டிவிட்டான். பேய் அடித்துச் செத்தாள் என்று ஊர் முடிவு கட்டியது. கேட்க வந்தவர்களிடம் காய்ச்சல் என்றது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் சாலம்மாள் பஸ் நிற்கும் இடத்தில் அவனை மறித்தாள். அப்போது அவளுக்குக் கோபம்கூட முழுதாக வரவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் போனாள்.

"அண்ணே, எம்பொண்ண நீங்கதான ஆடச் சொன்னீங்க?"

நாலு பேர் நின்றார்கள். இருசப்பன் அந்த நாலு பேரையும் பார்த்தான். பிறகு தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, "பேய் அடிச்சதுக்கு நான் இன்னாம்மா பண்ணட்டும்? நான்தான் ஊர்லயே இல்லியே" என்றான். அதைச் சொன்ன குரல் இருக்கிறதே, அவ்வளவு இரக்கம்! சுற்றி நின்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள். அன்றைக்குத்தான் சாலம்மாள் முதன்முதலாகத் துப்பினாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. "நான்தான் ஆடச் சொன்னேன்" என்று அவன் ஊர் முன்னால் சொல்ல வேண்டும். அவனை ஜெயிலில் போட வேண்டாம், அடிக்க வேண்டாம். அவன் சொல்லாதவரை அமிர்தம் பேய்தான். அழுகிற குழந்தையை அதட்ட, "அமிர்தம் வரா பாரு" என்றார்கள். மாட்டுக் கொட்டகைப் பக்கம் பொழுது போனால் யாரும் நடப்பதில்லை. ஒரு தடவை கரும்புக் கொல்லையில், தன் பக்கத்திலேயே நின்று வெட்டிய ஒருத்தி வாய் தவறி அப்படிச் சொல்ல, சாலம்மாள் அரிவாளைக் கீழே போட்டுவிட்டு அவள் தலைமயிரைப் பிடித்து உலுக்கினாள். ஒரு சீசன் முழுக்க சாலம்மாளை யாரும் வேலைக்குச் சேர்க்கவில்லை. அதைப் பற்றி அவள் கவலைப்படவும் இல்லை.

ஆதிமூலம் நிலையோ வேறு மாதிரி. அவன் பேசுவதையே நிறுத்திவிட்டான். அவனைத் திட்டுவதும் சுவரைத் திட்டுவதும் ஒன்றுதான் என்று சாலம்மாள் விட்டுவிட்டாள்.

இரண்டாயிரத்து ஆறில் மகன் அய்யனாருக்குக் கல்யாணம் வந்தது. அக்கா செத்தபோது எட்டு வயதுப் பொடியன். இப்போது சங்கராபுரத்தில் மெக்கானிக். பெண் பார்த்து, தேதி குறித்ததும் பங்காளிகள் வந்து உட்கார்ந்தார்கள். வீட்டில் கன்னியாகச் செத்த பெண் இருக்கிறாள், அவளைப் பூவாடைக்காரியாக அழைத்துக் கும்பிடாமல் பந்தக்கால் நடக்கூடாது. தண்ணீர்க் கரையில் கும்பம் வைத்து, புடவையும் பூவும் சாத்தி, உடுக்கையடித்துக் கூப்பிட்டால், செத்தவள் வீட்டுப் பெண் யார் மேலாவது வந்து இறங்குவாள். குறை ஏதும் உண்டா என்று கேட்டு, அவள் மனம் குளிர்ந்த பிறகு கும்பத்தை வீட்டுக்குத் தூக்கி வர வேண்டும். இது அந்த வட்டாரத்தில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் உடுக்கை அடிக்க வேண்டியவன் இருசப்பன்.

"வேற ஆள் பாருங்க" என்று அய்யனார் எகிறினான். "அம்மாவுக்குப் புடிக்கலன்னு தெரியுமில்ல?"

அடுப்படியிலிருந்து சாலம்மாள் சொன்னாள்: "அவனயே வரச் சொல்லு."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் முருங்கைக் கீரையை உருவிக்கொண்டிருந்தாள். அவள் மனசில் கணக்கு முடிந்துவிட்டது. ஆடுவது எப்படி என்று அவளுக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை ராத்திரி முழுக்கப் பார்த்தவள் அல்லவா? முடியை முன்னால் போடுவது, இடப்பக்கம் மூன்று சுற்று, உறுமல், எல்லாம் பதினைந்து வருஷமாகக் கண்ணுக்குள் நின்றது. வழியில் நிறுத்திக் கேட்டால் அவன் பொய் சொல்வான். தெய்வமே இறங்கிக் கேட்டால்? நடிப்பு என்று அவனால் சொல்ல முடியுமா? சாமி வந்து ஆடுவது நடிப்பு என்று பூசாரியே சொன்னால், நாளைக்கு எவன் அவனை உடுக்கை அடிக்கக் கூப்பிடுவான்? மடக்கிவிட்டேன்டா உன்னை, என்று காம்பை ஒடித்துப் போட்டாள்.

கல்யாணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை, காலை பத்து மணிக்கு வாய்க்கால் கரையில் கும்பம் வைத்தார்கள். மஞ்சள் புடவை, கதம்பம், வளையல். பம்பைக்காரர்கள் இரண்டு பேர். இருசப்பனுக்கு வயதாகிவிட்டது; தாடி வெளுத்துப் போய் இப்போதுதான் நிஜ மந்திரிபோல இருந்தான். உடுக்கையை எடுத்து, கன்னியாய்ப் போன கண்ணே, தண்ணியில் வா, தலைவாசல் வா என்று பாடத் தொடங்கினான்.

வழக்கமாக ஆதிமூலத்தின் தம்பி பெண்சாதி பச்சையம்மாளுக்குத்தான் சாமி வரும். அவள் லேசாக அசைய ஆரம்பித்தபோதே, சாலம்மாள் கொண்டையை அவிழ்த்து முன்னால் போட்டாள். இடப்பக்கம் ஒரு சுற்று. இரண்டு. மூன்று. தொண்டையிலிருந்து அந்த உறுமல் வந்தது. அருகில் இருந்த பெண்கள் "அம்மாடி!" என்று விலகினார்கள். இருசப்பனின் விரல் உடுக்கையில் ஒரு தாளம் தவறியது. அவன் சொல்லிக்கொடுத்த ஆட்டம், அவனுக்குத் தெரியாமலா போகும்?

அவனும் லேசுப்பட்டவன் அல்ல. "வந்தது யாரு? சத்தியம் பண்ணு" என்று அவள் உள்ளங்கையில் சூடத்தை வைத்து ஏற்றினான். காய்த்த கை. சூடம் எரிந்து அணையும்வரை அவள் கையை இறக்கவில்லை.

"அமிர்தம்" என்றாள். பெண்ணின் குரலே வந்தது. "பூசாரி மாமா, நல்லாக்கீறீங்களா?"

பம்பை நின்றுபோனது.

"இன்னா கொற தாயே?" என்றான் இருசப்பன்.

"கொற உன்னாண்டதான் மாமா. முடிய முன்னால போடுன்னு சொன்னது யாரு? மூணு சுத்து சுத்தச் சொன்னது யாரு? வெள்ளிக்கெழம எங்கிட்ட கூட்டியாருவாங்க, நான் பாத்துக்கறேன்னு சொன்னது யாரு? கோயிலுக்குப் பின்னால ஆடிக் காட்டினியே, மறந்துட்டியா?"

அவன் சுற்றிலும் பார்த்தான். பஸ் நிற்கும் இடத்தில் அன்று நாலு பேர். இன்று நாற்பது பேர். நடிக்கிறாள் என்று அவன் வாய்க்குள் வந்திருக்கும், கட்டாயம் வந்திருக்கும். அதை விழுங்கிக்கொண்டு இருசப்பன் மண்டி போட்டான்.

"நான்தான் தாயே. நான்தான் ஆடச் சொன்னேன்."

"சத்தமா சொல்லு."

"நான்தான் ஆடச் சொன்னேன்! பேயும் இல்ல ஒண்ணும் இல்ல. நல்லது நடக்கும்னுதான் சொன்னேன்."

"அப்பறம் எதுக்கு சைக்கிளத் திருப்பினே?"

"பயந்துட்டேன். என்னியும் கட்டிப் போட்டு அடிப்பாங்கன்னு பயந்துட்டேன்" என்று சொல்லி அந்தக் கிழவன் அழுதான். கூட்டத்தில் யாரோ "அடப்பாவி" என்றார்கள். ஆதிமூலம் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். சாலம்மாள் கேட்டாள், எல்லாம் கேட்டாள். பதினைந்து வருஷமாகக் காத்திருந்த வார்த்தை, ஒன்றுக்கு இரண்டு தடவையாக வந்துவிட்டது. அமிர்தம் இனிமேல் பேய் இல்லை. அத்தோடு மயங்கி விழுந்த மாதிரி விழுந்திருக்கலாம். அப்படித்தான் அவள் நினைத்தும் வைத்திருந்தாள்.

ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதே. குறை கேட்பது பூசாரியோடு முடிவதில்லை. வீட்டாரும் கேட்க வேண்டும். அய்யனார் ஓடிவந்து அவள் காலில் விழுந்தான். அவனுக்கு அவள் அம்மா இல்லை, அக்கா.

"அக்கா! அப்பா மேல கொற இருந்தா மன்னிச்சிடுக்கா. அம்மா மேல எதுனா கொற இருக்குதாக்கா? பதினஞ்சு வருசமா அது ஒழுங்கா சோறு துண்ணலக்கா. அம்மா மேல கோவம் இல்லன்னு மட்டும் சொல்லுக்கா."

இந்தக் கேள்வி வரும் என்று சாலம்மாள் நினைத்திருக்கவில்லை. கூட்டம் காத்திருந்தது. அய்யனார் மறுபடி கேட்டான், காலை விடவில்லை.

மண்டியிட்டிருந்த இருசப்பன் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் காதருகே வந்தான். உடுக்கை அடிப்பவன் சாமியிடம் கிசுகிசுப்பது வழக்கம்தான், யாரும் தப்பாக நினைக்கவில்லை.

"கொற ஒண்ணும் இல்லன்னு சொல்லிடு சாலம்மா" என்றான் மெல்ல. "ஒரே ஒரு வார்த்த. எல்லாம் முடிஞ்சிடும். நான் பாத்துக்கறேன்."

இப்படித்தான் சொல்லியிருப்பான், இதே குரலில்தான் அந்தப் பெண்ணுக்கும் சொல்லியிருப்பான். சாலம்மாள் அவனைப் பிடித்துத் தள்ளினாள். அவன் வாய்க்கால் சேற்றில் போய் விழுந்தான்.

"போதும்டா உன் ரோசன!" என்றாள். அது அமிர்தத்தின் குரல் இல்லை.

முடியைப் பின்னால் ஒதுக்கிக்கொண்டு மகன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் திகைத்துப் போய்ப் பார்த்தான்.

"உங்கக்கா வரலடா. நான்தான். அவ எங்கிட்டயும் சொன்னாடா, நடிக்கிறம்மான்னு சொன்னா. பேய் பொய் பேசுது, வாயப் பொத்துன்னான் அந்தப் பேயோட்டி. நான்தான் பொத்தினேன்."

சூடம் எரிந்த கையை விரித்து அவனிடம் காட்டினாள்.

"இந்தக் கையாலதான்டா" என்றாள்.